சுண்டலுக்குச் சாம்பிராணி

வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதற்குள் டார்ச் அடித்தால் இரண்டு கண்கள் மட்டும் பளபளத்தன. நான் ஈரத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "வாடா சுண்டல், வெளிய வாடா கண்ணு, அம்மா ஒண்ணும் பண்ண மாட்டேன்டா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவன் அதை நம்பவில்லை. நம்பும்படியாகவா நான் நடந்துகொண்டிருந்தேன்? எல்லாம் பண்ணியவளே நான்தான்.

பாத்ரூம் முழுக்கச் சாம்பிராணிப் புகை. தூபக்கால் கவிழ்ந்து கொட்டாங்குச்சிக் கரி தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. பிளாஸ்டிக் மக்கு நெருப்புப் பட்டு ஓரத்தில் உருகியிருந்தது. என் ஆள்காட்டி விரலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். குட்டி நாயின் பால்பல் ஊசிமுனை போல இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சுண்டல் எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு வந்து அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. இரண்டரை மாதக் குட்டி. உடம்போடு ஒட்டிய குட்டை முடி, வேகவைத்த கொண்டைக்கடலையின் நிறம். பெயருக்கு வேறு காரணம் கிடையாது. வேளச்சேரி மெயின் ரோட்டில் ஏதோ வண்டியில் அடிபட்டு அவன் தாய் போய்விட்டது. பக்கத்துத் தெருவில் நிறுத்தியிருந்த வேனுக்கு அடியில் மழையில் நடுங்கிக்கொண்டிருந்தவனை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தேன்.

அன்று அவனுக்கு முதல் குளியல். காலை பத்து மணிக்கு மெஷினுக்குப் பின்னால் போனவன், மத்தியானம் இரண்டு மணி வரை வெளியே வரவில்லை.

குழந்தைக்குச் செய்வதைத்தானே செய்தேன்

எனக்குத் தெரிந்த குளியல் ஒன்றே ஒன்று. இப்போது புனேயில் வேலை பார்க்கிற என் மகனை அவன் கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டினேன். குட்டி என்றால் குட்டிதானே, அதில் என்ன மனிதக் குட்டி, நாய்க் குட்டி என்று நினைத்துவிட்டேன்.

நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சினேன். உச்சந்தலையிலிருந்து வால் நுனிவரை தேய்த்தேன். நான்கு கால்களையும் நீட்டி நீட்டி நீவிவிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: மூக்கு எடுப்பாக வரவேண்டும் என்று என் கை தானாகப் போய் அவன் மூக்கையும் நீவிவிட்டது. அவனுக்கு ஏற்கெனவே எடுப்பான மூக்குதான் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பயத்தமாவு போட்டு எண்ணெயை எடுத்தேன். அதுவரை பொறுத்துக்கொண்டான். நடுங்கினான், குளிர் என்று நினைத்தேன். காதைப் பின்னால் மடக்கிக்கொண்டான். சமர்த்தாக இருக்கிறான் என்று நினைத்தேன். உதட்டை நக்கிக்கொண்டே இருந்தான். பசி என்று நினைத்தேன். அத்தனையும் பயம் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு கதவைச் சாத்தினேன், காற்று பட்டால் சளி பிடிக்குமே என்று. தூபக்காலில் சாம்பிராணியைத் தூவி, குட்டியைத் துண்டோடு இரண்டு கையிலும் பிடித்து, என் மகனைக் காட்டியது போலவே புகைக்கு மேலே காட்டினேன்.

ஒரு நாயின் மூக்கு எப்பேர்ப்பட்டது என்று நமக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? நமக்கு மணமாக இருப்பது அவனுக்கு வீடே பற்றி எரிகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். ஒரு கத்தல் கத்தினான். பிடித்துக்கொண்டிருந்த விரலைக் கடித்தான், துள்ளினான், தூபக்காலை உதைத்தான், போய் ஒளிந்தான்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபோர்மேனாக இருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். பாத்ரூம் வாசலில் நின்று மோந்து பார்த்தார்.

"எண்ணெய் தேய்ச்சு, பயத்தமாவு போட்டு, சாம்பிராணியும் காட்டினியா?"

"ஆமாங்க."

"காது குத்தலையா?"

அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். குட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுண்டல் வந்த நாளிலிருந்தே அவர் அப்படித்தான். "அது சாப்பிட்டுதா?" என்று கேட்பார். "அது கத்துது பாரு" என்பார். பெயர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டதில்லை, தொட்டதில்லை. "இனிமே நம்ம வீட்ல நாய் வேணாம்னு சொன்னேன்ல" என்று முதல் நாள் சொன்னதோடு சரி.

அதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

அலாரம்

இந்தப் பத்திரிகையில் வரும் என் தொடரைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு நான் எப்படிப்பட்ட ஆள் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். கேஸ் அடைத்தேனா என்று பார்க்கத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தவள் நான். ஒரு தடவை இல்லை, பல தடவை.

இருபத்தாறு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்தேன். அந்த வேலையில் என் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை "கை வைக்காதே." ஆசிட் பாட்டிலில் கை வைக்காதே. பர்னரில் கை வைக்காதே. அந்தக் கண்ணாடிக் குழாய் சூடாக இருக்கிறது, கை வைக்காதே. நான் இருந்த வரையில் ஒரு பிள்ளைக்கும் பெரிய காயம் ஏற்படவில்லை. அதற்கு என் பதற்றம்தான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆனால் ரிட்டையரான பிறகும் அந்தப் பதற்றம் ரிட்டையராகவில்லை. பால் பொங்கினால் கத்துவேன். பல்லி விழுந்தால் கத்துவேன். என் வீட்டுக்காரர் எனக்கு வைத்த பெயர் "அலாரம்." பக்கத்து அறையிலிருந்து நான் "அய்யய்யோ" என்று அலறினால், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "இன்னிக்கி என்ன, பல்லியா பாலா?" என்று கேட்பார்.

இப்படிப்பட்ட என்னிடம்தான், நாயைத் தொடும்போது நிதானமாக இருங்கள் என்று சொன்னார் நாய் டாக்டர். அதற்கு வருகிறேன்.

ராஜா

சுண்டலுக்கு முன்னால் எங்களிடம் ராஜா இருந்தான். அவனும் குட்டை முடி நாய்தான், நல்ல கறுப்பு. எட்டு வருஷம் இருந்தான். என் வீட்டுக்காரர் பேசாத மனிதர் என்றேன் இல்லையா? ராஜாவிடம் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்பக்கக் குழாயடியில் பனியனும் கைலியுமாக நின்று, ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்து அவனைக் குளிப்பாட்டுவார். பட்டறையில் யார் லீவு போட்டார்கள், எந்த மிஷின் மக்கர் பண்ணியது, எல்லாம் ராஜாவிடம்தான் சொல்வார். நான் அடுப்படி ஜன்னலில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் ராஜா திடீரென்று சாப்பிடாமல் படுத்தான். மழை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். இரண்டு நாள் கழித்து மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கோவிலம்பாக்கத்தில் இருக்கிற நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். உண்ணிக் காய்ச்சல் என்றார். அந்த ஓட்டம் மூன்று நாள் ஓடினோம். மூன்றாம் நாள் பயனில்லாமல் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் ஆட்டோ கூப்பிடப் போயிருந்தார். அப்போது டாக்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்மா. இந்தப் பக்கமெல்லாம் காலி மனை, புல்லு, உண்ணி ஜாஸ்தி. தினமும் கைவிட்டுப் பாக்கணும்."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் நான் அதை அப்படியே விழுங்கி வைத்துக்கொண்டேன். நாள் முழுக்க வீட்டில் இருந்தவள் நான். சோறு வைத்தவள் நான். கேஸ் அடைத்தேனா என்று மூன்று தடவை பார்க்கிற நான், அந்த நாயின் காதை ஒரு தடவை மடக்கிப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால், "அப்போ நீ என்னதான் பாத்தே?" என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்டிருக்க மாட்டார். இருந்தாலும் பயந்தேன். சொல்லவேயில்லை.

ராஜாவை அவர்தான் தன் பழைய வேட்டியில் சுற்றி, பின்பக்கம் மதிலோரமாகப் புதைத்தார். என்னைக் கிட்டே வரவிடவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குழாயடிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதையே விட்டுவிட்டார்.

ஆகவே சுண்டலைத் தூக்கி வந்த அன்றே எனக்குள் ஒரு கணக்கில்லாத பயம் குடியேறிவிட்டது. இவனுக்கும் அது வந்துவிட்டால்? இன்னொரு தடவை அந்த மனிதர் வேட்டியைத் தேடிக்கொண்டு பீரோவைத் திறப்பதை என்னால் பார்க்க முடியாது.

பதற்றப்படாதீங்கம்மா

சாம்பிராணிக்குப் பிறகு சுண்டல் என்னைத் தொடவிடவில்லை. எண்ணெயை உடம்பெல்லாம் நக்கி நக்கி இரண்டு நாள் வயிறு போனது தனி. என் கை தலைக்கு மேலே வந்தால் போதும், பின்வாங்குவான். காதுப் பக்கம் போனால் உறுமுவான். இரண்டரை மாதக் குட்டியின் உறுமல் கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கு அழுகை வந்தது.

சமாதானமாக வாரிவிடலாம் என்று தாம்பரத்தில் ஒரு கடையில் பிரஷ் வாங்கினேன். கம்பிகம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும் பிரஷ். அதை முதுகில் ஒரு இழு இழுத்ததும் மறுபடியும் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டான்.

தடுப்பூசிக்காகக் கோவிலம்பாக்கத்துக்குக் கூடையில் வைத்துக் கொண்டுபோனபோது டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மூக்கை நீவியதை மட்டும் மறைத்துவிட்டேன். அவர் சிரிக்காமல் கேட்டார். பிரஷ்ஷைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இது சடை நாய்க்கு வாரறதும்மா. இவனுக்கு முடியே அரை விரக்கடை இல்ல, நேரா தோலைத்தான் பிராண்டும். மெத்துனு ரப்பர் பிரஷ் வாங்கிக்குங்க, இல்லேன்னா ஈரத்துணியால துடைச்சாலே போதும். குளியல் மாசம் ஒண்ணு. எண்ணெயும் வேண்டாம், புகையும் வேண்டாம்."

"உண்ணி, டாக்டர்?"

"மருந்து போட்டுட்டேன். ஆனா அத நம்பிச் சும்மா இருக்காதீங்க. காதுக்குள்ள, காதுக்குப் பின்னாடி, அக்குள், விரல் இடுக்கு. தினமும் கை போகணும்."

"தொடவே விட மாட்டேங்கறானே."

"அமுக்கிப் பிடிக்காதீங்க. போகணும்னா விட்டுடுங்க. அவன் எழுந்து போறதுக்கு முன்னாடியே நீங்க நிறுத்திடணும். அப்பதான் அடுத்த நாள் வருவான்." பிறகு என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முக்கியமா, நீங்க பதற்றப்படாதீங்கம்மா. உங்க கையிலயே அவனுக்குத் தெரிஞ்சிடும்."

பதற்றப்படாதே என்று யாராவது சொன்னால், ஐயோ இப்போது பதற்றப்படக் கூடாதே என்று நான் கூடுதலாகப் பதறுவேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஒரு வாரம் நான் செய்யாதது இல்லை. முட்டை வேகவைத்து ஒரு கையில் நீட்டி இன்னொரு கையைக் காதுக்குக் கொண்டுபோனேன். முட்டை போனது; காது கிடைக்கவில்லை. தூங்கும்போது தொடலாம் என்று பக்கத்தில் போனேன். தாம்பரம் விமானப்படைப் பயிற்சி விமானம் தாழப் பறந்தால்கூடத் தூக்கம் கலையாதவன், என் நிழல் பட்டதும் விழித்துக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் அவன் பின்னங்காலால் காதைச் சொறியும்போது நான் கைவேலையைப் பாதியில் விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். இருக்கிறதோ? உள்ளே ஒன்று இருக்கிறதோ? ரத்தம் குறைந்தால் ஈறு வெளுக்குமாம், அதைப் பார்க்கவும் வாயைத் திறக்கமாட்டான்.

எட்டு நாள் ஆகிவிட்டது. ஒரு நாள்கூட அவன் காதைப் பார்க்கவில்லை. டாக்டர் சொன்ன 'ஒரு வாரம் முன்னாடி' என்ற வார்த்தை காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம்

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நூர்ஜஹான் அக்கா வீடு. வீட்டிலேயே தையல். ஜன்னலோரம் மிஷின் போட்டிருப்பார். எங்கள் பின்பக்கத்தில் நடப்பதெல்லாம் அவருக்கு நேரடி ஒளிபரப்பு. சுண்டலைத் தொட மாட்டார். "நக்கிட்டான்னா நான் மறுபடி கழுவி, துணி மாத்திகினுதான் தொழணும் விமலா, தொழுகை வக்து போய்டும்" என்பார். ஆனால் கறி எடுக்கும் நாளில் ஒரு துண்டை உப்பில்லாமல் வேகவைத்து மதில் மேல் வைத்துவிட்டு, "உங்க புள்ளைக்கு" என்று குரல் கொடுப்பார்.

அன்று காலை நான் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு சுண்டலைக் குழாயடியில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். மதிலுக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது.

"இன்னா விமலா, காலைலேர்ந்து அவனைத் தொரத்திகினே கீற?"

"தொரத்தலக்கா. காதைப் பாக்கணும், அவ்ளோதான்."

"நீ அவ்ளோதான்ற. உன் மூஞ்சப் பாத்தா ஆபரேசனுக்கு வர மாதிரி கீது. மூச்சக்கூட வுடாம புடிச்சுகினு வர. எனக்கே பயமா கீதுன்னா அதுக்கு இருக்காதா?"

நான் துண்டோடு அப்படியே நின்றேன். மூச்சு விட்டுப் பார்த்தேன். ஆமாம், அதுவரை பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

"சின்னப் புள்ளைங்களுக்கு அளவு எடுக்கறப்போ நான் இன்னா பண்ணுவேன் தெரியுமா? புள்ளைய பாக்கவே மாட்டேன். அது அம்மாகிட்ட இன்னா கொழம்பு வச்சேன்னு கேட்டுகினே இருப்பேன். டேப்பு பாட்டுக்கு அது வேலைய பாக்கும். புள்ளைய பாத்து, இரு இரு அசையாதேன்னு சொன்னேன்னு வை, பேஜாருதான்."

சொல்லிவிட்டு உள்ளே போனவர், வெட்டிய முருங்கைக் கொப்பு ஒரு கட்டைத் தூக்கி மதில் மேல் வைத்தார். "மரம் ஒயரமா போச்சு, கழிச்சு வுட்டேன். இந்தா, குந்தி கீரைய உருவு. அவனை வுடு கொஞ்ச நேரம்."

முருங்கைக் கீரை நாட்கள்

வெறுப்போடுதான் உட்கார்ந்தேன். பின்வாசல் தரையில் பழைய பேப்பரை விரித்து, காலை நீட்டி, ஒரு கொப்பை எடுத்து உருவ ஆரம்பித்தேன். முருங்கைக் கீரை உருவியவர்களுக்குத் தெரியும், அதில் அவசரம் நடக்காது. இழுத்தால் காம்போடு வரும். பழுத்த இலையை ஒதுக்க வேண்டும், பூச்சி கட்டியதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கண்ணும் விரலும் ஒன்றாகப் போக வேண்டும்.

இரண்டு கொப்பு முடிந்திருக்கும். தொடையில் ஏதோ சூடாகப் பட்டது. சுண்டல் தாடையை என் தொடைமேல் வைத்துப் படுத்திருந்தான்.

என் வாயில் "அய்யோ" என்று வந்துவிட்டது. வெளியே விடாமல் விழுங்கினேன். அவனைப் பார்க்காமல் இன்னொரு கொப்பை எடுத்தேன். உருவினேன். கீரை மணத்த அதே கையின் பின்புறத்தால் அவன் முதுகை ஒரு தடவை, ஒரே தடவை, தடவினேன். மறுபடி கொப்பு. மறுபடி ஒரு தடவை. அவன் எழுந்திருக்கும் முன் நானே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று கொஞ்சம் அழுதேன். அது சந்தோஷம்தான்.

மறுநாளும் கீரை. அதற்கு மறுநாளும். ஒரு கொப்புக்கு ஒரு தடவை என்பதை இரண்டாக்கினேன். முதுகிலிருந்து விலா, விலாவிலிருந்து தோள். ஈரத்துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடுநடுவே வயிற்றைத் துடைத்தேன். ரப்பர் பிரஷ்ஷைக் கீரைக்கு நடுவில் சும்மா போட்டுவைத்தேன். அவனே மோந்து பார்த்துச் சலித்துப்போன பிறகு எடுத்து முடி போன போக்கிலேயே வாரினேன். உதிர்ந்த முடி பேப்பரில் விழுந்தது. கொஞ்சம் கீரையிலும் விழுந்திருக்கலாம்; அதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, இந்த இதழில்தான் படித்துத் தெரிந்துகொள்வார்.

ஆறாம் நாள் விரல் இடுக்கு. ஒன்பதாம் நாள் அக்குள். காதுக்குப் போக மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பக்கம் கை போனாலே என் மூச்சு நின்றது. என் மூச்சு நின்றதும் அவன் தலையைத் தூக்கினான்.

இதில் ஒரு சிக்கல். கையில் கீரை இருந்தால்தான் எனக்கு நிதானம். சும்மா உட்கார்ந்தால் பழைய அலாரம்தான். அதனால் வீட்டில் தினமும் முருங்கைக் கீரை. கீரைப் பொரியல், கீரை சாம்பார், கீரை அடை, கீரைக் கூட்டு. பதினைந்தாம் நாள் என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"விமலா, இன்னும் ரெண்டு நாள் இப்படியே போச்சுன்னா நான் மேன்னு கத்துவேன்."

"உடம்புக்கு நல்லதுங்க."

"யார் உடம்புக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார். அவரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மெதுவான குரல்

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பின்வாசலில் கீரையோடு. சுண்டல் ஒருக்களித்துப் படுத்து, பாதிக் கண்ணை மூடியிருந்தான்.

எங்கோ போய்க்கொண்டிருந்த யோசனையில், என் விரல் தானாகவே அவன் காது மடலைத் திருப்பியிருக்கிறது. பூச்சி இலையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி. உள்ளே, மடிப்பில், மிளகில் பாதி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

உண்ணி.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், என்னைப் போன்ற வாசகர்கள் இருப்பார்கள். சுண்டல் நன்றாக இருக்கிறான். ரத்தம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. இன்று காலையிலும் ஈறைப் பார்த்தேன், நல்ல சிவப்பு. நாளையும் பார்ப்பேன்.

ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாதே. தொண்டைவரை அலறல் வந்துவிட்டது. அலறினால் இவன் துள்ளி ஓடுவான், காது கையை விட்டுப் போய்விடும், இன்னொரு இருபது நாள் ஆகும். என் மடியில் கிடந்த அந்தத் தலை அசையவில்லை. என்னை நம்பிக் கிடந்தது. அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான் எனக்குக் குரல் வந்தது. என் ஆயுளில் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை.

"ஏங்க. அலமாரியில புருவம் எடுக்கற ட்வீசர் இருக்கும். ஸ்பிரிட் பாட்டிலும் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

ஹாலில் நாற்காலி கீழே விழுகிற சத்தம் கேட்டது. மனிதர் ஓடி வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்ன ஆச்சு? என்னடி ஆச்சு உனக்கு? ஏன் இவ்ளோ மெதுவாப் பேசற?"

இத்தனை வருஷம் நான் கத்தியபோதெல்லாம் நிமிர்ந்து பார்க்காத மனிதர், நான் கத்தாததைக் கேட்டுப் பயந்து ஓடி வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது. சிரித்தாலும் மடி ஆடும் என்று அடக்கிக்கொண்டு காதைக் காட்டினேன்.

பார்த்தார். திரும்பிப் போய் ட்வீசரும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்தார். ஆய்வகத்தில் பழகிய கை எனக்கு அப்போது உதவியது. தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக, மெதுவாக இழுத்தேன். வந்துவிட்டது. ஸ்பிரிட்டில் போட்டு மூடினேன். சுண்டல் ஒரு தடவை மூக்கைச் சுளித்தான், அவ்வளவுதான்.

அவர் போகவில்லை. மூட்டு சொடக்கெடுக்கக் கீரைக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தார். அந்தப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ராஜாவுக்கு ஏழு இருந்திச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வேட்டியில சுத்தறப்போ பாத்தேன். அக்குள்ள நாலு, காது மடிப்புல மூணு. எட்டு வருசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை குளிப்பாட்டினேன் விமலா. தண்ணி அடிச்சேன், சோப்பு போட்டேன், கத பேசினேன். கைய விட்டுப் பாக்கல. நான்தான் பாக்கல."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ தூங்க மாட்டே. நாமதான் கவனிக்கலன்னு உன்னையே போட்டு வதைச்சுப்பே. அதான்."

மூன்று மழைக்காலமாக நான் விழுங்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. ஆட்டோ கூப்பிட அவர் போயிருந்தபோது டாக்டர் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். ஒரு வாரம் முன்னாடி, தினமும் கை போகணும், எல்லாம். நாள் முழுக்க வீட்டில் இருந்தவள் நான்தானே என்று சொன்னேன். சொல்லும்போது அழுதேன். ஆனால் மெதுவாகத்தான் அழுதேன், மடியில் தலை இருந்ததே.

அவர் கீரைக் கொப்பு ஒன்றை எடுத்தார். இரண்டு இலையைக் காம்போடு பிய்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, குட்டியின் தலையைத் தன் பக்கம் மெல்லத் திருப்பினார்.

"அந்தப் பக்கம் நீ பாத்துட்ட. இந்தப் பக்கம் நான் பாக்கறேன்" என்று காது மடலை இரண்டு விரலால் தூக்கினார். "சுண்டல், அசையாம இருடா. நம்ம பட்டறையில நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா..."